விநயமாகக் கேட்டல்: ஆங்கில விண்ணப்பமும் துணைவினைகளும்

திருவட்டாறு, குலசேகரம், அருமனை முதலிய ஊர்களில் வாழும் ஒரு குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவேண்டிய அவசியம் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை இந்தப் பிரதேசம் திருவிதாங்கூரோடும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடும் இணைந்திருந்தபடியால், பாட்டனார் காலத்து நில விவரம் ஒன்றைத் தேடுகிறவர் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்துக்கு எழுத நேரிடுகிறது. மேட்டு நிலத்தில் ரப்பர் வைத்திருப்பவர் கோட்டயத்தில் தலைமையகம் கொண்ட ரப்பர் வாரியத்துக்கு எழுதுகிறார். செவிலியர் படிப்பு முடித்த பெண்ணோ கடல் கடந்த மருத்துவமனைக்கு எழுதுகிறாள். தமிழில் எழுதினால் அவர்களுக்குப் புரியாது, அவர்கள் மொழியில் எழுத நமக்கு வராது என்னும் நிலையில், இருவருக்கும் பொதுவாக நிற்பது ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தில் நாம் எழுதும் கடிதங்களிற் பெரும்பாலானவை ஏதேனும் ஒன்றைக் கேட்டு எழுதுபவையே. ஆகையால் ஆங்கிலத்தில் ஒரு பொருளைக் கேட்கும் முறை யாது, அம்முறையில் துணைவினைகள் என்ன காரியம் செய்கின்றன என்பவற்றை இந்த அதிகாரத்தில் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தமிழில் மரியாதை எங்கே தங்கியிருக்கிறது என்பதை அறிந்துகொண்டால்தான் ஆங்கிலத்தில் அது எங்கே தங்கியிருக்கிறது என்பது விளங்கும். நாம் ஒருவரை அழைக்கும்போதே ‘அண்ணே’ என்றோ, ‘அக்கா’ என்றோ, ‘மாமா’ என்றோ உறவு சொல்லித் தொடங்கி விடுகிறோம். ‘நீ’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ என்று முன்னிலையிலேயே மூன்று படிகள் வைத்திருக்கிறோம். வினைமுற்றின் விகுதியிலும் அந்த மரியாதையைத் தொடர்ந்து கொண்டுசெல்கிறோம். ‘அண்ணே, அந்த ஏணியைக் கொஞ்சம் தாருங்க’ என்னும் வாக்கியத்தில் வினை ஏவல்தான். ஆயினும் கேட்கிறவருக்கு அதில் அதிகாரத் தொனி தோன்றுவதில்லை, ஏனெனில் ‘அண்ணே’ என்னும் விளியும், ‘கொஞ்சம்’ என்னும் சொல்லும், ‘ங்க’ என்னும் விகுதியும் அந்த ஏவலின் கூர்மையை மழுக்கி விடுகின்றன. ஆங்கிலத்திலோ அரசரையும் ‘யூ’ என்றே அழைக்க வேண்டும், அரண்மனையில் வேலை செய்யும் சிறுவனையும் ‘யூ’ என்றே அழைக்க வேண்டும். மரியாதை விகுதியென்று ஒன்று அந்த மொழியில் இல்லை. முன்பின் அறியாதவரை ‘பிரதர்’ என்று உறவு கொண்டாடி அலுவலகக் கடிதம் தொடங்கவும் முடியாது. அவர்களுடைய விநயம் முழுவதும் வினைக்கு முன்னால் வந்து நிற்கும் சில சிறு துணைவினைகளில் அடங்கியிருக்கிறது. அவை ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘வில்’, ‘வுட்’, ‘ஷல்’, ‘ஷுட்’, ‘மஸ்ட்’ என ஒன்பது. இவற்றோடு ‘ஆட் டு’ என்பதையும் சேர்த்துச் சொல்வதுண்டு. இவற்றின் இலக்கணம் மிகச் சுலபம். இவை எழுவாய்க்கு ஏற்ப உருமாறுவதில்லை. இவற்றின் பின்னே வினையின் மூலவடிவம் அப்படியே வரும். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு துணைவினைகள் வரமாட்டா. நம்மவர் பலர் எழுதும் ‘ஐ கேன் ஏபிள் டு கம்’ என்னும் வாக்கியம் பிழை; ‘ஐ கேன் கம்’ என்றோ ‘ஐ ஆம் ஏபிள் டு கம்’ என்றோ சொல்லலாமேயன்றி, இரண்டையும் ஒருங்கே கட்டக் கூடாது.

இலக்கணம் சுலபமாயினும் பிரயோகம் சுலபமன்று. தக்கலையிலிருந்து திருவட்டாறு வரும் பேருந்தில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சற்றுத் தள்ளி அமருமாறு நாம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ‘மூவ்’ என்று மட்டும் சொன்னால் அது சண்டைக்கு அழைப்பு. ‘ப்ளீஸ் மூவ்’ என்றால் சொல் இனிமையாயினும் வாக்கியம் இன்னும் கட்டளையே. ‘ப்ளீஸ்’ என்னும் சொல் கட்டளையை மிருதுவாக்குமேயல்லாது விண்ணப்பமாக மாற்றிவிடாது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. ‘கேன் யூ மூவ் எ லிட்டில்?’ என்று கேட்கும்போதுதான் வாக்கியம் வினாவாகிறது. வினாவாகிய அக்கணமே, ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை எதிரே இருப்பவருக்குக் கிடைத்துவிடுகிறது. ‘குட் யூ மூவ் எ லிட்டில், ப்ளீஸ்?’ என்றால் அந்த உரிமை இன்னும் விசாலமாகிறது. ஆங்கில விநயத்தின் சாரம் இதுதான்: கேட்கப்படுகிறவர் மறுப்பதற்கு வாக்கியத்திலேயே இடம் வைத்துக் கேட்பது. வீட்டு முற்றத்தில் நின்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகு நடையில் கால் வைப்பது போன்றது அது. நமக்கும் இது புதிதன்று. ‘கொஞ்சம் தள்ளி உட்கார முடியுமா?’ என்று நாமும் கேட்கிறோம். ஆங்கிலம் படிக்கிறவர் ‘உட்காருங்கள்’ என்னும் ஏவலிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்காமல், ‘உட்கார முடியுமா’ என்னும் வினாவிலிருந்து தொடங்குவாராயின் பாதிப் பிழைகள் தாமே மறைந்துபோம்.

‘குட்’, ‘வுட்’ என்பவை ‘கேன்’, ‘வில்’ என்பவற்றின் இறந்தகால வடிவங்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த மாணவன், நாளைக்குச் செய்யவேண்டிய காரியத்துக்கு இறந்தகாலம் எதற்கு என்று மயங்குவது இயல்பே. விண்ணப்பத்தில் இவை காலத்தைக் குறிக்க வந்தவையல்ல. காரியத்தை நிகழ்காலத்தின் நெருக்குதலினின்று ஓரடி பின்னுக்குத் தள்ளி, ‘ஒருவேளை தங்களுக்கு இயலுமாயின்’ என்னும் பாவனையை உண்டாக்குவதற்காகவே இறந்தகால உருவம் இங்கே பயன்படுகிறது. ஆகவேதான் ‘குட் யூ ஹெல்ப் மீ?’ என்ற கேள்விக்கு ‘யெஸ், ஐ கேன்’ என்றோ ‘ஆஃப் கோர்ஸ்’ என்றோ பதில் வருமேயன்றி, ‘யெஸ், ஐ குட்’ என்று வருவதில்லை. கேட்பதற்குத் தயக்கம் அழகு. கொடுப்பதற்குத் தயக்கம் அழகன்று.

இதையே காரணமாகக் கொண்டு, ‘வுட்’ என்பது எப்போதும் ‘வில்’ என்பதைவிட மரியாதையானது என்று எண்ணிக்கொண்டு, ‘நாளை அலுவலகம் மூடியிருக்கும்’ என்னும் அறிவிப்புக்கும் ‘த ஆஃபீஸ் வுட் பி க்ளோஸ்ட் டுமாரோ’ என்று எழுதும் வழக்கம் நம் நாட்டில் பரவியிருக்கிறது. அது தவறு. செய்தியைச் செய்தியாகச் சொல்லும் இடத்தில் ‘வில்’ என்பதே முறை. அங்கே ‘வுட்’ வந்தால், மூடியிருக்குமா இராதா என்னும் ஐயமே படிப்பவருக்கு மிஞ்சும்.

இனி, இந்த அதிகாரத்தில் மிக முக்கியமென்று நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் மிகவும் பணிவான விண்ணப்பம் எப்படி முடிகிறது? ‘தாங்கள் கருணைகூர்ந்து மேற்படி சான்றிதழை அனுப்பித் தரவேண்டும்’ என்று முடிகிறது. ‘வேண்டும்’ என்னும் சொல்லில் வேண்டுதலும் உண்டு, கட்டாயமும் உண்டு. எது கருதப்படுகிறது என்பதை இடமும் தொனியும் நமக்குச் சொல்லிவிடுகின்றன. நம் ஊர் மாணவன் அகராதியில் ‘வேண்டும்’ என்பதற்கு ‘மஸ்ட்’ என்றிருப்பதைக் கண்டு, ‘சார், யூ மஸ்ட் சென்ட் த சர்ட்டிஃபிகேட்’ என்று எழுதிவிடுகிறான். அவன் உள்ளத்தில் கைகூப்பி நிற்கிறான். கடிதத்தைப் பிரிக்கும் அதிகாரியின் கண்ணுக்கோ, விரல் நீட்டி உத்தரவிடுகிறவன் தெரிகிறான். பல விண்ணப்பங்களுக்குக் காய்ந்த பதில் வருவதற்கும், சிலவற்றுக்குப் பதிலே வராமற்போவதற்கும் இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ‘ஐ வான்ட்’ என்பதும் இத்தகையதே. ‘எனக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டும்’ என்பதை ‘ஐ வான்ட் டூ டேஸ் லீவ்’ என்று எழுதினால் அது குழந்தை மிட்டாய் கேட்பது போல் ஒலிக்கும். ‘ஐ வுட் லைக் டு அப்ளை ஃபார் டூ டேஸ் லீவ்’ என்பது பெரியவர் பேச்சு.

ஆயினும் ‘மஸ்ட்’ என்னும் சொல் எங்கும் விலக்கத்தக்கது என்று எண்ணிவிடலாகாது. ‘யூ மஸ்ட் கம் டு அவர் ஹவுஸ்’ என்று ஓர் ஆங்கிலேயர் அழைத்தால் அது அன்பின் மிகுதி. நம் வீட்டுக் கலியாணத்துக்கு ‘அவசியம் வரணும்’ என்று நாம் சொல்வதற்கு நேர். கவனிக்க வேண்டியது, காரியத்தின் பலன் யாரைச் சேர்கிறது என்பதே. பலன் கேட்கப்படுகிறவரைச் சேருமாயின், வற்புறுத்தல் உபசாரமாகும். ‘உட்காருங்கள், சாப்பிடுங்கள்’ என்று வெறும் ஏவலில் சொன்னாலும் அது விருந்தோம்பலே. பலன் நம்மைச் சேருமாயின், அதே வற்புறுத்தல் அதிகாரமாகிவிடும். ‘டேக் எ சீட்’ என்பது விநயம், ‘கிவ் மீ எ சீட்’ என்பது விநயமன்று; இரண்டும் ஏவலே. துணைவினையைத் தேர்ந்தெடுக்குமுன் இந்த ஒரு கேள்வியைத் தமக்குள்ளே கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை வாசகர் கைக்கொள்வாராக.

‘மே’ என்பது அனுமதி கேட்பதற்கு உரியது. ‘உள்ளே வரலாமா?’ என்பதற்கு ‘மே ஐ கம் இன்?’, ‘தண்ணீர் கொண்டு வரட்டுமா?’ என்பதற்கு ‘ஷல் ஐ பிரிங் சம் வாட்டர்?’. நம்முடைய ‘லாமா’வும் ‘ட்டுமா’வும் இவ்வளவு பொருத்தமாக வந்து அமைவதால் இவ்விரண்டையும் கற்பது எளிது. ‘மே’ என்பதைத் தன்மையோடு சேர்த்தால்தான் விண்ணப்பம் ஆகும். ‘மே யூ ப்ளீஸ் சைன் திஸ்?’ என்று மரியாதை மிகுதியால் கேட்கிறவர்கள் உண்டு; அது ஆங்கிலமாகாது. ‘யூ’ என்பதன் முன்னே ‘மே’ வந்தால் வாழ்த்தாகிவிடும். நீடூழி வாழ்க என்று வாழ்த்துகிறவரே அப்படித் தொடங்குவார். நீதிமன்ற மனுக்களில் மட்டும், கனம் நீதிமன்றம் இன்ன உத்தரவைப் பிறப்பிக்கத் திருவுளம் கொள்வதாகுக என்னும் பொருளில் ‘மே பி ப்ளீஸ்ட் டு’ என்றொரு பழைய தொடர் இன்றும் நம் நாட்டில் வழங்கிவருகிறது. பத்மநாபபுரம் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எழுதும் மனுவுக்கு அது பொருந்தும். வங்கி மேலாளருக்கு நாம் எழுதும் கடிதத்துக்குப் பொருந்தாது.

‘வுட் யூ மைண்ட்’ என்னும் தொடரில் ஒரு வழுக்கல் உண்டு. ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?’ என்றால், ஜன்னலைத் திறப்பதில் தங்களுக்கு ஆட்சேபம் உண்டோ என்பது கேள்வி. ஆகையால் சம்மதம் தெரிவிக்கிறவர் ‘இல்லை’ என்னும் பொருளில் ‘நாட் அட் ஆல்’ என்று சொல்ல வேண்டும். ‘யெஸ்’ என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனால் கேட்டவர் திகைப்பார். இத்தொடரின் பின்னே ‘ஓப்பன்’ என்று வராமல் ‘ஓப்பனிங்’ என்று வருவதையும் மறவாதிருக்க வேண்டும்.

கடிதங்களுக்கு வருவோம். எழுத்தில் கேட்பதற்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்துக் கற்கச் சொன்னால், நான் இதையே தேர்ந்தெடுப்பேன்: ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்...’ இன்னதைத் தாங்கள் செய்யக் கூடுமாயின் நன்றியுடையவனாவேன் என்பது இதன் கருத்து. பழைய முறையில் எழுதுகிறவர்கள் ‘ஐ வுட்’ என்பதற்குப் பதிலாக ‘ஐ ஷுட்’ என்று தொடங்குவதுண்டு, பொருள் ஒன்றே. முன்பகுதியில் ‘வுட்’ வந்துவிட்டால் பின்பகுதியில் ‘கேன்’ வரலாகாது, ‘குட்’ தான் வரவேண்டும். திருவட்டாற்றுக்காரர் ஒருவர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவதாகக் கொண்டால், முதல் வாக்கியத்தில் தாம் யார், எந்த ஊரார், எந்தக் கிராமத்தின் எந்தக் காலத்து ஆவணத்தைத் தேடுகிறார் என்பதைத் துணைவினை எதுவுமின்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். இன்று திருவட்டாறு வட்டத்தில் இருக்கும் கிராமங்கள் முன்னே கல்குளம் அல்லது விளவங்கோடு வட்டத்தில் இருந்தவை. அந்தப் பழைய வட்டத்தின் பெயரைச் சொல்லாவிட்டால் தேடுகிறவருக்குச் சிரமம். அதன் பிறகே விண்ணப்பம்: ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் லெட் மீ நோ வெதர் எ காபி இஸ் அவைலபிள், அண்ட் வாட் ஃபீ ஐ ஷுட் பே.’ நகல் கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளும் ஒரே வாக்கியத்தில், ஒரே பணிவின் கீழ் அடங்கிவிட்டன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘குட் யூ’, ஒரு ‘ப்ளீஸ்’, ஒரு ‘கைண்ட்லி’ என்று சேர்த்துக்கொண்டே போனால் பணிவு கூடுவதில்லை, விஷயம் மங்குகிறது.

‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்னும் தொடரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆவன செய்க என்னும் இந்தத் தொடர் இந்திய அலுவலகங்களுக்குள் செல்லும். வெளிநாட்டாருக்கு எழுதும்போது இதைத் தவிர்ப்பது நலம், ஏனெனில் ஆவது எது என்பதை இது சொல்வதில்லை. கேட்கும் காரியத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதே வாசிப்பவருக்கு நாம் செய்யும் மரியாதை. ‘கைண்ட்லி’ என்னும் சொல்லும் இங்கிலாந்தில் சில சமயம் கண்டிப்பின் தொனியோடு ஒலிப்பதுண்டு.

ஆங்கிலத்தில் மேலிடத்துக்கு எழுதிக் கேட்பது இந்தப் பிரதேசத்துக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் அரசின் உயர் பதவிகள் வெளியூராருக்கே போகின்றன என்று குறைகூறி, 1891-ஆம் ஆண்டில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்குச் சமர்ப்பித்த மலையாளி மெமோரியலும், ஈழவ சமுதாயத்தாருக்குப் பள்ளிகளிலும் அரசு உத்தியோகத்திலும் இடம் கேட்டு 1896-இல் டாக்டர் பல்ப்பு முன்னின்று 13,176 பேர் கையொப்பத்தோடு அளித்த ஈழவ மெமோரியலும் சரித்திரத்தில் இடம்பெற்றவை. பின்னதில் கேட்கப்பட்டது சலுகையன்று, மனிதனுக்குரிய நியாயம். அது அப்போது கிடைக்கவில்லை. அரசருக்கு எழுதும் மனுவில் தாழ்ந்து பணிந்து எழுதுவது அக்காலத்து அவசியமாயிருந்தது. ‘ஐ பெக் டு ஸ்டேட்’, ‘மோஸ்ட் ஹம்பிளி’, ‘யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வென்ட்’ முதலிய தொடர்கள் அந்தக் காலத்தின் எச்சங்கள். இன்று ஒரு குடிமகன் தன் அரசாங்க அலுவலகத்துக்கு எழுதும்போது பிச்சை கேட்கும் வினைச்சொல்லை எதற்காகப் பயன்படுத்த வேண்டும்? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கிறவர், தகவல் எதற்காக வேண்டும் என்னும் காரணத்தைக் கூடச் சொல்லத் தேவையில்லை என்று அச்சட்டமே கூறுகிறது. அத்தகைய விண்ணப்பத்தில் ‘இயலுமாயின்’ என்னும் ‘குட்’ கூட மிகை. ‘ஐ ரெக்வெஸ்ட் த ஃபாலோயிங் இன்ஃபர்மேஷன்’ என்று நேராக எழுதி, வேண்டிய தகவல்களை வரிசையாகக் குறிப்பிடுவதே போதும். உபகாரமாகக் கேட்பது வேறு, உரிமையாகக் கேட்பது வேறு; மறுக்கும் சுதந்திரம் எதிரிலிருப்பவருக்கு உள்ள இடத்தில்தான் ‘குட்’டும் ‘வுட்’டும் உண்மையான மரியாதை ஆகின்றன. பணிவு வேண்டும்; தாழ்மைப்படுதல் வேண்டாம். இதை நான் முக்கியமாக இளைஞர்களுக்குச் சொல்கிறேன்.

செவிலியப் பணிக்காக வெளிநாடு செல்ல விரும்புவோர், ஓஈடி என்று வழங்கும் மருத்துவத்துறை ஆங்கிலத் தேர்வில், நோயாளியோடு உரையாடுவது போன்ற இரண்டு பாத்திரப் பேச்சுகளை நடத்திக் காட்ட வேண்டும். நாற்பத்தைந்து நிமிஷத்தில் ஒரு கடிதமும் எழுத வேண்டும். அங்கே துணைவினைகளின் ஞானம் மிகவும் உதவும். நோயாளியிடம் ‘கையை நீட்டுங்கள்’ என்று நேரே சொல்லாமல், ‘ஐ வுட் லைக் டு செக் யுவர் பிளட் பிரஷர், இஃப் தட் இஸ் ஆல் ரைட்’ என்று சொல்லி, அவர் தலையசைத்த பிறகு தொடங்குவது அந்நாடுகளின் வழக்கம். தம் உடம்பின் மேல் தமக்கே முதல் உரிமை என்னும் எண்ணம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. மருத்துவரிடம் ‘யூ ஷுட் சீ த பேஷண்ட்’ என்று சொல்லலாகாது. ‘ஷுட்’ என்பது புத்திமதியின் சொல். ‘குட் யூ கம் அண்ட் சீ த பேஷண்ட், ப்ளீஸ்?’ என்பதே முறை. ‘யூ மைட் ஹாவ் டோல்ட் மீ’, ‘யூ குட் ஹாவ் டோல்ட் மீ’ என்பவை விநயம்போல் தோன்றினும், எனக்குச் சொல்லியிருக்கலாமே என்னும் மனத்தாங்கலைத் தெரிவிப்பவை. அவற்றை விண்ணப்பமென்று மயங்கிக் கையாளக் கூடாது.

இதே மருத்துவமனையில், விநயத்தை ஒதுக்கிவைக்க வேண்டிய வேளையும் உண்டு. நோயாளியின் மூச்சு நின்றுவிட்டால், ‘ஐ வாஸ் வண்டரிங் இஃப் யூ குட்...’ என்று சுற்றி வளைப்பது அபாயம். ‘ப்ளீஸ் கம் நவ்’ என்பதே அப்போது சரியான ஆங்கிலம். 1990-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற அவியாங்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம், மோசமான வானிலையில் நெடுநேரம் காத்திருக்க வைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர். எரிபொருள் குறைந்துவிட்டதைத் தரைக் கட்டுப்பாட்டாரிடம் தெரிவித்து முன்னுரிமை கேட்ட விமானிகள், ஆபத்து நிலையை அறிவிக்கும் ‘எமர்ஜென்ஸி’ என்னும் சொல்லை அவர்களிடம் சொல்லவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. உயிர் போகும் வேளையில், மறுக்க இடம் வைத்துக் கேட்கலாகாது.

கேட்டது கிடைக்காதபோது எழுதும் நினைவூட்டுக் கடிதத்தில் கோபம் துணைவினை வழியாக வெளிப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘யூ ஷுட் ஹாவ் ரிப்ளைட்’ என்று தொடங்கினால், பதில் எழுத எண்ணியிருந்தவரும் தாளை ஒதுக்கி வைப்பார். முந்தைய கடிதத்தின் தேதியை முதலில் குறிப்பிட்டு, ‘மே ஐ ஆஸ்க் வெதர் தேர் ஹாஸ் பீன் எனி ப்ராக்ரஸ்?’ என்று ஒரே வாக்கியத்தில் கேட்டு நிறுத்தினாற் போதும்; இரண்டாவது நினைவூட்டில் வேண்டுமானால், இன்ன தேதிக்குள் பதில் தேவைப்படுவதற்கான காரணத்தைச் சேர்க்கலாம். கடிதத்தை ‘டியர் சார்’ அல்லது ‘டியர் மேடம்’ என்று பெயரின்றித் தொடங்கியிருந்தால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்றும், பெயர் சொல்லித் தொடங்கியிருந்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்றும் முடித்து, கையொப்பத்தின் கீழே முழுப்பெயரைத் தெளிவான எழுத்தில் எழுதி, பின்கோடோடு கூடிய விலாசத்தையும் கைபேசி எண்ணையும் சேர்த்து அனுப்புக. அனுப்புமுன் ஒரு நகலைத் தம்மிடம் வைத்துக்கொள்க.